மேட்டில் துளை

தலைஞாயிறு தாண்டி லாரி நின்றபோது
ரோட்டின் இருபக்கமும் தென்னைகள்
ஒரே திசைக்குத் தலைவைத்துப் படுத்திருந்தன.
எண்ணத் தொடங்கிய பூபதி
எழுபதில் விட்டுவிட்டான்.

பதினோரு பேர் நாங்கள்.
ஈரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன் நான்.
மற்றவர்கள் கண்ணாடிக் கடை, கோழிப்பண்ணை,
பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
கூரை ஏறிய அனுபவம் உண்டா என்றால்
ஒருவன் ஏறியிருக்கிறான்,
ஒன்பது வயதில், அறுந்த பட்டத்தை எடுக்க.

நூற்று அறுபது சிமெண்ட் ஷீட்,
ஒரு மூட்டை ஜே போல்ட், தார் வாஷர்,
இரவல் வாங்கிய இரண்டு டிரில்லிங் மெஷின்.
கரண்ட் இல்லாத ஊருக்கு
மெஷினைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று
கிளம்பும்வரை எவனுக்கும் தோன்றவில்லை.
முத்துப்பேட்டை ஜெகபர் சாதிக்
தன் மீன்கடை ஜெனரேட்டரைத் தூக்கிவந்து மானம் காத்தார்.
அது ஓடும்போதெல்லாம் ஐஸ் பெட்டி வாடை.

தெருக்கோடியில் தையல்நாயகி வீடு.
சுவர் நின்றது. மேலே வானம்.
வானத்துக்குக் குறுக்கே ஒரு பிளக்ஸ்:
யார் வீட்டுப் பெண்ணுக்கோ மஞ்சள் நீராட்டு.
தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பித்
தலைகீழாய் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க நிழல்ல உக்காருங்கக்கா,
நாங்க பாத்துக்கறோமுங்க" என்றேன்.
நிழல் ஏது, மரம்தான் விழுந்துவிட்டதே.
ஏணியடியில் நின்று அண்ணாந்து
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
நான் குனிந்து பார்த்ததும்
"டீ போடவா தம்பி" என்றாள்.

எட்டு ஷீட், முப்பத்திரண்டு போல்ட்.
அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ.
"சிரிங்கக்கா."
சிரித்தாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம்.
இரண்டு மணிக்கு மழை.
இந்நேரம் ஆறு வீட்டில் நனையாமல் தூங்குகிறார்கள்
என்று நினைத்துக்கொண்டு
சுகமாகப் புரண்டு படுத்தேன்.

காலையில் மறந்துவைத்த ஸ்பேனரை எடுக்கப் போனேன்.
தரையெங்கும் சருவம், சொம்பு, பாமாயில் டின்,
நிவாரணத்தில் வந்த நீல வாளி,
சோற்று வட்டில், பையனின் டிபன் பாக்ஸ்.
முப்பத்திரண்டு பாத்திரம் ஒரு வீட்டில் ஏது?
பையன் புத்தகப் பையை வயிற்றில் அணைத்துக்
கவிழ்ந்து தூங்கினான், முதுகு ஈரமாக.

"சன்னல்ல சாரலு தம்பி, வேற ஒண்ணுமில்ல."

அந்த வீட்டுக்குச் சன்னல் கிடையாது.

மேலே பார்த்தேன்.
ஒவ்வொரு போல்ட் நுனியிலும் ஒரு சொட்டு,
விழுவதா வேண்டாமா என்று.
ஷீட்டின் அலையில் பள்ளத்தில்தான்
டிரில் முனை வழுக்காமல் உட்கார்ந்தது.
பள்ளம் பள்ளமாகப் பார்த்து
ஓட்டை போட்டிருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியில் பன்னிரண்டு வருஷச் சித்தாள் அவள்.
ரைஸ்மில் கூரை, மண்டபத்துச் சமையல் கொட்டகை,
எல்லாம் கைபட்ட வேலை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதைத் தவிர
எதைக் கேட்டோம்?

"பள்ளம் தண்ணிக்கு, மேடு ஆணிக்கு.
கடமடக்காரி நானு. தண்ணி எங்க வரும்
எங்க வராதுன்னு பாத்தே ஆயுசு போயிட்டு."

"நேத்தே ஏனுங்க சொல்லல?"

வாளியைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கீங்க."

முந்தானையை இழுத்துச் செருகி ஏறினாள்.
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
வாஷர் என்றால் வாஷர்,
சணலும் தாரும் என்றால் சணலும் தாரும்,
எட்டிக் கொடுத்தேன்.
தாய்மாமன்கள் மூலையில் சுருட்டிக் கிடந்தார்கள்.

இறங்கிக் கையைத் துடைத்தபடி கேட்டாள்:
"இதுமாரி எத்தன வூடு போட்டீங்க?"

ஆறு என்றேன், தரையைப் பார்த்து.

ஏணியின் முன்பக்கத்தை
அவள் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.
பின்பக்கத்துக்கு நான் ஓடினேன்.