மூன்றாவது சொல் குட்டை

ஸஹ்லேயில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும்
கஸ்ஸானைத்தான் கூப்பிடுவார்கள்.
மின்சாரம் போன இருட்டில்
கையால் சக்கரம் சுற்றி
ஆட்களைத் தரைக்கு இறக்குவார்.
பிப்ரவரியில் ஒரு விடியற்காலை
அவர் தலைக்குள்ளேயே ஏதோ ஒன்று
இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

உயிர் இறங்கி வந்தது.
சொற்கள் வரவில்லை.

வங்கியைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டும்.
பத்தொன்பதாம் ஆண்டு அக்டோபரில் கதவை மூடினார்கள்.
உள்ளே எங்கள் முப்பத்தோராயிரம் டாலர்,
இருபது வருடக் கிரீஸ் வாசனையோடு.
மறுபடி திறந்தபோது மேலாளர்
ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்தார்.
"பணம் பத்திரமாக இருக்கிறது, மேடம்.
எடுக்கத்தான் முடியாது."
கஸ்ஸான் காப்பியைத் தொடவில்லை.
நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு மிச்சம் பிடித்ததெல்லாம் பிட்காயின்.
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி;
அது தொலைந்தாலும் மீட்டுத் தர
பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்.
காகிதம் எரியும், காகிதம் களவு போகும்,
இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியமே இல்லை
என்று தாளைக் கொளுத்திச்
சாம்பலைக் கழுவித் தள்ளினார்.
ஒருவருக்கு மட்டும் தெரிந்ததற்கு என்ன பெயர் என்று
அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தினமும் சவரம் செய்யும்போது சொல்லிப் பார்ப்பார்.
கதவுக்கு இந்தப் பக்கம்
நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.
ரகசியத்துக்கு மரியாதை என்றெல்லாம் இல்லை.
டாலர் விலை சொல்லும் நேரம் அது.

என் அக்கா மகன் எலியாஸ் பின் எண்ணை ஊகித்தான்,
ஊகித்தான், ஊகித்தான்.
கருவி தன்னைத்தானே அழித்துக்கொண்டது.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரூலா
ஆப்பிள் படத்தைக் காட்டுகிறாள்.
"ஆனியன்" என்கிறார்.
வாழ்நாள் முழுக்க அரபியில் வெங்காயம் கேட்ட மனிதர்.
மருந்து ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டேன்.
அடுத்த வாரம் "லேடர்".
நோன்புக் காலத்தில் "அம்ப்ரெல்லா".
பட்டியலில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுச் சொற்கள்,
மூன்றும் அதில் இருக்கின்றன என்கிறான் எலியாஸ்.
பன்னிரண்டும் கிடைத்து வரிசை தெரியாவிட்டால்
நாற்பத்தேழு கோடிக்கு மேல் வழி இருக்கிறதாம்.

எந்தச் சொல் வந்தாலும் ரூலா கைதட்டுகிறாள்.
நான் மட்டும் ஒவ்வொன்றையும்
செல்லாக்காசோ என்று கடித்துப் பார்க்கிறேன்.
என்னை "நஜ்லா" என்று அவர் அழைத்த அன்றும்
பட்டியலைத் தான் முதலில் நினைத்தேன்.

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
நம்முடையதை நாமே வைத்துக்கொள்வதா,
கம்பெனி எதிலாவது விட்டுவைப்பதா?
நீ பட்டவளாயிற்றே, சொல்லு.
சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு இரண்டு வேளை.
இவ்வளவுதான் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியும்.
மேலாளருக்கு நாக்கில் ஒரு குறையும் இல்லை,
எல்லாச் சொல்லும் வாயில் நிற்கிறது,
இருந்தும் எங்கள் பணம் வரவில்லையே.

என் பங்குக்குச் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன்.
கஸ்ஸானின் எழுத்தாணிகளை எடுத்து
எஃகுத் தகட்டில் அடித்தேன்,
ஓர் எழுத்துக்கு இரண்டு சம்மட்டி.
தகடு இருக்கும் இடம் என் தங்கைக்குத் தெரியும்.
தங்கைக்குக் கடனும் இருக்கிறது.
தூக்கம் கொஞ்சம் குறைவுதான்.

இன்று காலை அவருக்கு நான் சவரம் செய்கிறேன்.
ஸன்னீன் மலையில் இன்னும் பனி.
நுரைக்கு நடுவே மூடிய உதடு,
உள்ளிருந்து ஒரு முனகல்.
ஒன்று. இரண்டு. மூன்றாவது குட்டை.
ஏழாவது இழுபடுகிறது.
பன்னிரண்டாவதில் மூச்சு விடுகிறார்.
மறுபடி முதலிலிருந்து, அதே குட்டை, அதே இழுவை.
சொல் ஒன்றுகூட இல்லை, நடை மட்டும்,
ஆளில்லாமல் ஏறி இறங்கும் லிஃப்ட் மாதிரி.

கத்தியைத் தாடையிலேயே நிறுத்தி
எட்டி ரேடியோவை அணைக்கிறேன்.