ஹட்டனில் கல் இல்லையா

நீர்கொழும்பிலிருந்து இரண்டு உரப்பை.
"உள்ளே என்ன?" என்றான் கொண்டக்டர்.
கல் என்றேன்.
"ஹட்டனுக்கா? அங்கே கல் இல்லையா?"
முன் சீட்டுவரை சிரிப்புப் போனது.
இரண்டு ஆள் டிக்கட் வெட்டிவிட்டு
கித்துல்கல தாண்டும்வரை
திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மீன் ஏற்றுமதி செய்தவர் கடையை மூடிவிட்டார்.
அவர் கொட்டிலில் பதினொரு வருசம்
தூசி தின்று கிடந்தது இது.
கல் என்பதும் சரியில்லை.
ஒரு காலத்தில் வாய்கள்,
ஊசிமுனை வாய்கள்,
ஒன்றின் வீட்டின்மேல் ஒன்று வீடு கட்டியவை.
தூக்கினால் எடை ஏமாற்றும்.

டொக்டர் ரிஸ்மியாவின் பல் கிளினிக்கில்
காத்திருப்பவர்களுக்குக் கடல் வேண்டுமாம்.
மீனைப் பார்த்தால்
வாயைச் சீக்கிரம் திறப்பார்கள் என்பது அவர் கணக்கு.
பெயர் கூப்பிடும் என் வேலையோடு
கல்லுக்குக் குளிப்பாட்டுவதும் சேர்ந்துகொண்டது.

மொட்டைமாடியில் குந்தியிருந்து
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
ஓட்டைக்குள் ஓட்டை.
காய்ந்த பாசி, சிப்பித் துண்டு,
ஒரு நண்டின் கால், மடங்கியது மடங்கியபடியே.
டொக்டர் எட்டிப் பார்த்து,
"அந்தக் கடைவாய்ப் பக்கத்தை விட்டுட்டீங்க, கௌசி" என்றார்.
அவருக்கு எல்லாமே பல்.

மூன்று நாள் குளோரின்.
பிறகு கழுவல், கழுவல்,
மூக்கை வைத்துப் பார்த்து இன்னொரு கழுவல்.
அடுத்தது அமிலம்.
இரண்டும் சந்திக்கவே கூடாது,
சந்தித்தால் நம் மூச்சு போய்விடும் என்று
வாளியிலேயே எழுதிவைத்திருந்தார்.
நடுவில் நன்றாக வெயிலில் காயவேண்டும்.

வெயில்.
ஜூலை மாதத்து ஹட்டனிடம்
அதைப் போய்க் கேட்பதா?
மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை.
ஒன்பதாம் நாளும் கல்
என் காலுறையைப் போலவே இருந்தது.

கொழுந்து வாட்டும் மாடியில்
இராவேலை பார்க்கும் மச்சான் லோகேந்திரன்
"கொண்டு வா" என்றான்.
காலியாகக் கிடந்த ஒரு தட்டில் சாக்கு விரித்து
விடிய விடியச் சூட்டுக் காற்று.
விடியுமுன் டீமேக்கர் வந்துவிட்டார்.
"என்ன இது?"
"கடல், சேர்."
ஒன்றை எடுத்து
தேயிலையை மோப்பதுபோல் ஆழமாக மோந்து,
ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாராம்.
மச்சானுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.
கொடுத்தேன், வாங்கவில்லை.
"மீன் வந்ததும் காட்டு."

அமிலத்தில் கல் சீறியது.
ஒரு நூல் அளவு தோல் கரைந்து
பால்பல் மாதிரி வெளுத்தது.

லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம்.
நாலாயிரம் அடி உயரத்தில்
மழைத்தண்ணீரில் கடல் கரைத்தேன்.
விரலை நனைத்து நக்கினேன்.
காலிமுகத்திடல், பள்ளிச் சுற்றுலா,
திரும்பும் வழியெல்லாம் வாந்தி.
என்னிடம் இருக்கும் கடல் அவ்வளவுதான்.

பீப்பாய்க்கு மூடி. உள்ளே இருட்டு.
மோட்டர் ஒன்று தண்ணீரைச் சும்மா சுற்றும்.
சந்தையில் வாங்கிய ஒற்றை இறாலைத்
துணியில் முடிந்து உள்ளே விட்டேன்,
அழுகட்டும் என்று.
வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி:
பச்சை. கரும்பச்சை. கரும்பச்சை.
அமோனியா என்று கொப்பியில் எழுதுவேன்.
ஏழாம் வாரம் மஞ்சள்.
கண்ணுக்குத் தெரியாத யாரோ
ஓட்டைகளில் குடிவந்திருந்தார்கள்.
வாடகை பேசவில்லை.

தொட்டிக்கு மாற்றி விளக்குப் போட்ட பத்தாம் நாள்
கல் முழுக்கப் பழுப்பு.
கண் கலங்கிவிட்டது எனக்கு.
"முதல் பாசி அப்படித்தான் வரும்" என்றார் டொக்டர்,
கையுறையைக் கழற்றாமலே.

கொட்டகலையிலிருந்து
வீங்கிய கன்னத்தோடு வந்த ஒருவர்
கண்ணாடியில் மூக்கை ஒட்டி
மீனைத் தேடினார், தேடினார்.
"இந்தக் கல்லுக்கு யாரு
பிளேன்டீ ஊத்துனது?"

அவர் பெயரைக் கூப்பிட்டேன்.
இரண்டாம் தடவையும் கூப்பிட வேண்டியிருந்தது.