முப்பத்தெட்டாவது வாரம்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
ஒட்டிய தாள் சொல்கிறது:
இந்த வாரத்துக்கு இன்னும் நாற்பத்தொரு பவுண்டு.
பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.
பேனா என்றால் உண்மையாகிவிடும்.

டண்டீ நகரம், ஹில்டவுன் சரிவு, மூன்றாம் மாடி.
டே நதியிலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது
வாடகை கேட்க வந்து
கேட்கக் கூச்சப்படுகிறவரைப் போல.

அழுகைகளைப் பிரித்தறியக் கற்றது மார்ச்சில்.
பசி, தாழ்வாகத் தொடங்கிப் படியேறும்.
தூக்கத்துக்குக் கொஞ்சம் மூக்கடைப்பு.
இன்னொன்று மாலை ஐந்தரைக்கு வரும்,
காரணம் கிடையாது.
அந்நேரம் எனக்கும் வருவதால்
அதை மட்டும் ஆராயாமல் விட்டுவிட்டேன்.

கூடத்தில் மின்மீட்டருக்கும் குரல் உண்டு.
காசு தீரப்போனால் மூன்று முறை கீச்சிடும்.
தூக்கத்திலேயே ரூரி முகம் சுளிப்பான்,
இந்த வீட்டில் அழ
தனக்கு மட்டும்தானே உரிமை என்று.

செவ்வாய்தோறும் நூலகக் கம்பளத்தில்
குழந்தைகளோடு கையால் பேசும் வகுப்பு.
வகுப்பு இலவசம், தேநீரும் இலவசம்.
தேநீருக்காகத்தான் போனேன்.
நடத்துகிற ஐஷ்பெலின் அம்மாவுக்குக் காது கேட்காதாம்.
"வாய் திறக்கும் முன்பே
இந்த விரல்களால் சண்டை போட்டவள் நான்" என்றாள்.
முஷ்டியை மூடித் திறந்தால்: பால்.
ஒரு கைமேல் மறு கையைத் தட்டினால்: இன்னும்.
கட்டைவிரல்களை உயர்த்திச் சுழற்றினால்: முடிந்தது.

ஆறு வாரம் மூடித் திறந்தேன்.
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல்
என் கையைப் பார்த்தான், கொட்டாவி விட்டான்.

வடகடலில் காற்றாலை பழுதுபார்க்கும் கப்பலிலிருந்து
யூவன் அழைப்பான், குரல் விட்டு விட்டு:
"எவ்வளவு இருக்கு?"
"எட்டுக் கிலோ நானூறு" என்பேன்.
அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து
வங்கியில் இருப்பதைச் சொல்வேன்.
அப்போது கடல் மட்டும் கேட்கும்.

முப்பத்தொன்பது வாரம்வரைதான்
பேறுகாலச் சம்பளம்.
அதன்பின் விடுப்பு உண்டு, பணம் இல்லை.
அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி:
உங்கள் நேரத்தை மகிழ்ச்சியாகக் கழியுங்கள்.
கழித்தேன்.
டயப்பரைக் கழித்தேன், பேருந்தைக் கழித்தேன்,
என் தலைமுடி வெட்டும் செலவை
இரண்டு முறை கழித்துவிட்டு
ஒருமுறை திரும்பக் கூட்டினேன்.

நேற்று ஸ்வாவெக்கின் கடை.
மின் அட்டைக்குப் பணம் கட்ட வேண்டும்.
மார்போடு கட்டிய பையில் ரூரி.
உள்ளங்கையில் சில்லறை:
ஏழு பவுண்டா, ஆறரையா?
திறந்து பார்த்தேன். மூடினேன்.
பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள்.
திறந்தேன். மூடினேன்.

ரூரி என் கையையே பார்த்தான்.
பிறகு தன் முஷ்டியைத் தூக்கினான்,
அதை முதல்முறை கண்டெடுத்தவனைப் போல.
மூடினான்.
திறந்தான்.
மூடினான்,
கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு கூச்சல்.

பாலென்று நான் சொன்னதாக நினைத்திருக்கிறான்.
நான் சொன்னது மின்சாரம்.
ஆறு வாரம் மெனக்கெட்டுச் சொன்னபோது காதில் ஏறாதது
சொல்லாதபோது ஏறிவிட்டது.
எனக்குச் சிரிப்பு வந்து, கண்ணில் நீர் வந்து,
ஒரு நாணயம் கீழே விழுந்து
முட்டைப் பெட்டிகளுக்கடியில் உருண்டது.
ஸ்வாவெக் ஒன்றும் கேட்கவில்லை.
காலிப் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு
திரும்பி நின்று
ஒழுங்காகவே இருந்த சூப் டப்பாக்களை
ஒழுங்குபடுத்தத் தொடங்கினான்.
இருமியவர் எனக்காகக் கதவைச் சாத்தினார், குளிருக்கு.

இரவில் நோட்டுப் புத்தகம்.
மின்சாரம் ஆறரை.
ரொட்டி ஒன்று இருபது.
முட்டைகளுக்கடியில் போனது ஐம்பது பென்ஸ்.
பால் என்று எழுதினேன்,
எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

தொட்டிலில் அவன் கை
தூக்கத்திலும் மூடுகிறது, திறக்கிறது.
கேட்கிறானா, எண்ணுகிறானா?
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
என் சட்டை நனைகிறது.