ஒரு மாத்திரை

ஔலு நகரத்து ஆய்வுக்கூடத்தில்
என் மேசைமேல் ஒரு தலை,
பக்கவாட்டில் பாதியாய்ப் பிளந்து படுத்திருக்கிறது.
கண்ணில்லை, மயிரில்லை.
காது மட்டும் அழுத்தமாக வார்த்திருக்கிறார்கள்.
உள்ளே மூளைக்குப் பதில்
உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர்.
திங்கட்கிழமைகளில் நான்தான் கலக்குகிறேன்.
ஒரு கரண்டி கூடினால் அளவு பொய்த்துவிடும்.

அதன் கன்னத்தில் கைப்பேசியை ஒட்டிவைப்பேன்.
ரோபோ தன் ஊசியை நீருக்குள் இறக்கும்.
ஒரு கிலோ தசைக்கு எத்தனை வாட்?
எண் வரம்புக்குள் நிற்கும்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார்,
மூளை வெந்துவிடாதே?
வேகாது என்பேன்.
அதில் பேசினால் காது கேட்கிறதா என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வலது காது எனக்குப் பேருக்குத்தான்.
இடதில் கருவி, பதினோரு வயதிலிருந்து.
கைப்பேசி நெருங்கினால்
கருவிக்குள் ஒரு வண்டு விழித்துக்கொள்ளும்.

பிப்ரவரியில், டோர்னியோவிலிருந்து
அண்ணன் தய்ஸ்தோ கூப்பிட்டான்.
ஏதோ ஒன்று
கூரையைக் கொண்டுபோய்விட்டதாம்.
எங்கள் மொழியில்
துலி என்றால் தீ,
தூலி என்றால் காற்று.
நடுவே ஒரே ஒரு மாத்திரை.
வண்டு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

திரும்பச் சொல் என்றேன். சொன்னான்.
இன்னொரு தரம் என்றேன். கத்தினான்.
கத்தினால் குறிலும் நீண்டுவிடுகிறது.
பிறகு வண்டு மட்டும் பேசியது.

நூற்று முப்பது கிலோமீட்டர், பனியில்.
வழிநெடுக அவன் வீட்டை
எரித்துக்கொண்டே போனேன்.
முதலில் படகுக் கொட்டகை.
கெமி தாண்டும்போது மாடிப்படி.
நாயை மட்டும் எரிக்க மனம் வரவில்லை.

கூரை வயலில் மல்லாந்து கிடந்தது,
தகரம் அதிகம் வளையாமல்,
தொட்டி நிறையப் பனியோடு.
தய்ஸ்தோ காபிக் கோப்பையுடன் வெளியே வந்தான்.
நாயும் வந்தது.
என் கையைப் பார்த்தான்.
"காற்றை அணைக்கவா
இந்தச் சிவப்பு உருளையைத் தூக்கி வந்தாய்?"

சிரித்தேன். கார் சாவியை
இரண்டு முறை பனியில் தவறவிட்டேன்.

திங்களன்று பழைய கோப்பைத் தேடி எடுத்தேன்.
என் கைப்பேசியின் அதே மாதிரி:
காதுக் கருவிக்கு உகந்தது,
நான்கில் மூன்று.
கீழே கையெழுத்து, ஹெல்கா ருவோனலா.
நான் போட்டதுதான்.
அன்று அளந்தது பிழையும் இல்லை.

குறிப்புக் கட்டத்தில்
தீயா காற்றா என்று தட்டினேன்.
எண் மட்டும் உள்ளிடவும் என்றது திரை.

தலையில் நீர் வற்றியிருந்தது.
உப்பை நிறுக்கப் போனேன்.