பின் சில்லுக்கும்

எங்கட பக்கத்தில
ஓம் எண்டால் எப்பவும் சம்மதம் இல்லை.
கேட்டுக்கொண்டிருக்கிறன், மேல சொல்லு
எண்டும் அர்த்தம்.
சில நேரம்,
சனியனே போனை வை எண்டும்.

இதைக் கொழும்பிலிருக்கிற முறைப்பாட்டுப் பிரிவுக்கு
ஆங்கிலத்தில எழுதி விளங்கப்படுத்த
எனக்கு மூண்டு இரவு போச்சு.

கொக்குவில் சந்திக்குக் கிட்ட டயர்க் கடை.
கடன் அட்டையில எடுத்த கொம்பிரசர்,
ரெண்டு ஜாக்கி,
ஒட்டுறதுக்கு நிதர்சன்.

மாதக் கணக்குத் தாளில
வட்டிக்கும் வரிக்கும் நடுவில
ஆங்கிலத்தில மூண்டெழுத்து.
பக்கத்தில நானூற்றுப் பன்னிரண்டு ரூபா அறுபது சதம்.
அடுத்த மாதம் நானூற்று நாப்பது.
கடன் ஏறினால் ஏறும்.
கட்டினால் இறங்கும், இல்லாமல் போகாது.

ட்யூப்பில மயிரளவு ஓட்டையெண்டால்
இப்பிடித்தான்.
வண்டி ஓடும்.
விடிய வந்து பார்த்தால்
கொஞ்சம் இறங்கியிருக்கும்.
தண்ணிக்குள்ள அமத்தி
குமிழி எங்க வருதெண்டு பார்க்கிறதுதான்
என்ர பிழைப்பு.
என்ர ஓட்டையை
நாப்பத்து மூண்டு மாதமா
நான் பார்க்கேல்லை.

ஸ்ரான்லி வீதிக் கிளையில சாருஜா எண்ட பிள்ளை
காப்புறுதிப் பத்திரத்தை அச்செடுத்துத் தந்தாள்.
வேலை பறிபோனால் தவணையை அவை கட்டுவினமாம்.
மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்.
தொழில் தருநரின் கடிதம் இணைக்கவும்.

"தங்கச்சி, எனக்கு ஆர் தொழில் தருநர்?
என்னை நான் நிப்பாட்டினால்
கடிதமும் நான்தான் எழுதோணும்.
கடை முத்திரையும் என்ர லாச்சிக்குள்ளதான் கிடக்கு."

சிரிச்சாள்.
சிரிச்சது பிழையெண்டு நினைச்சாளோ என்னவோ,
கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாள்.
"ஆனா அண்ணை,
நீங்கள் சம்மதம் சொன்ன ஒலிப்பதிவு இருக்காம்."

மூண்டு கிழமையால
முகாமையாளற்றை அறையில வைச்சுப் போட்டினம்.

ஒரு பிள்ளை மூச்சு விடாமல் வாசிக்கிறாள்.
எனக்கு முதல்ல கேட்டது அவளில்லை,
மூண்டரை வருசத்துக்கு முந்தின என்ர தொண்டை.
பெயர் சரியோ? ஓம்.
கேக்குதோ? ஓம்.
பிறகு வீதம், நிபந்தனை, விலக்கு,
எல்லாம் ஒரே ஓட்டத்தில.
இடையில கொம்பிரசர் எழும்பி
டக டக டக எண்டு
பாதி வசனத்தை விழுங்குது.
"இதற்குச் சம்மதமா சார்?"

தூரத்தில நிதர்சன்:
"அண்ணை, பின் சில்லுக்கும் அடிக்கவோ?"

ஓம்.

திரும்பப் போடுங்கோ எண்டன்.
திரும்பப் போட்டினம்.
முகாமையாளர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.
அவரும் மோட்டார் சைக்கிள்காரர்,
பின் சில்லு விளங்கிச்சு.

கடிதம் மாரி தொடங்கின கிழமை வந்தது.
தவறு எதனையும் ஏற்றுக்கொள்ளாது
நல்லெண்ண அடிப்படையில்
பதினெட்டாயிரத்து எழுநூற்று நாலு ரூபா முப்பது சதம்.
கையில இல்லை, அட்டையில வரவு.
அந்தக் காசுக்கு மேல
மாதாமாதம் ஏறின வட்டியைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
நல்லெண்ணத்துக்கு
அவ்வளவுதான் காத்துப் பிடிக்கும் போல.

ரெண்டாம் கடிதம் போட்டிட்டன்.
இதுக்கும் சரிவராட்டில்
குறைகேள் அதிகாரிக்குப் போவன்.

அந்தப் பிள்ளையின்ர குரல்
இடைக்கிடை வந்துபோகுது.
ஒரு நாளைக்கு இத்தனை ஓம் எண்டு
அவளுக்கும் ஒரு கணக்குக் குடுத்திருப்பினம்.
குறைஞ்சால் வேலை போயிருக்கும்.
போயிருந்தால்
அவளின்ர தவணையை ஆர் கட்டினதோ.

நேற்றும் ஒரு அழைப்பு.
இலகு கடனாம், அஞ்சு நிமிசம் தாங்கோவாம்.
"சொல்லுங்கோ" எண்டன்.
"கேட்டுக்கொண்டிருக்கிறன்" எண்டன்.
வேற ஒண்டும் சொல்லேல்லை.

வெளியில ஒரு பட்டா லொறி.
நிதர்சன் குழாயைப் பிடிச்சபடி,
"அண்ணை, பின் சில்லுக்கும்?"

போனைப் பொத்தினன்.
பொத்தினது காணாதெண்டு
எழும்பி வாசலுக்குப் போய்
தலையை ஆட்டினன்.