பறளிக்குக் கோபம் பிந்தி வரும்

உண்ணாமலைக்கடையில் சுபினின் ரப்பர் குடோனுக்கு மேலே
ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் உட்கார்ந்து
இல்லாத ஒரு நாட்டுக்குள் போகிறோம்.
ஷீட் வாடையும் படியேறி எங்களோடு வரும்.

"நீ வைத்தியச்சிதானே?" என்றான் அஜின், கதை நடத்துகிறவன்.
மூன்று வருடமாக நான்தான் எல்லோருக்கும் காயம் கட்டுகிறேன்.
இந்தத் தடவை காட்டுமிராண்டி, என்றேன்.
ஜெஸ்லின் சிரித்ததில் கட்டன்சாயா தாளில் சிந்தியது.

வலிமை பதினெட்டு.
அறிவு எட்டு என்று எழுதி, அழித்து, பதின்மூன்று ஆக்கினேன்.
எட்டை வைத்துக்கொண்டு காட்டில் எவள் பிழைப்பாள்?
கரடித்தோல் வேண்டாம்.
பேச்சிப்பாறை மழையில் ஒரு போர்வையே மூன்று நாள் காயாது.
கோடாலியும் வேண்டாம்.
தேங்காய் உரிக்கும் பாரையை
மண்ணோடு பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.
இடது முன்கையில் சரிவாக ஒரு வடு,
பால் வெட்டும் மரத்தில் போடுவதுபோல.
யார் போட்டது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.
பெயர் பறளி. ஆறு கோபித்துக்கொள்ளாது.

"சரி, எதைக் கண்டால் வெறி பிடிக்கும்?"

சுபினின் காட்டுமிராண்டிகளுக்கு எப்போதும்
பின்னால் ஒரு சாம்பல்மேடு இருக்கும்:
ஊரை எரித்தார்கள், அப்பனை வெட்டினார்கள்.
பறளியின் ஊர் பத்திரமாக இருக்கிறது.
அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும்.
இவளுக்குக் கோபம் பிந்தி வரும், என்றேன்.
அடிபட்ட உடனே வராது. மூன்று சுற்று கழித்து,
மற்றவர்கள் வாளைத் துடைத்து உறையில் போட்ட பிறகு.
"அப்படி விதியே இல்லை."
எழுதிக்கோ, என்றேன்.

விளவங்கோடு தாலுகா அலுவலகம், மூன்றாவது ஜன்னல்.
"நீயெல்லாம் எதுக்கு சம்பளம் வாங்குத?"
அதற்குப் பதில்
குழித்துறைப் பாலம் தாண்டி,
மேம்பாலத்தின் கீழே பஸ் நெரிசலில் நிற்கும்போது வரும்,
முழுசாக, எதுகையோடு.
பக்கத்து சீட்டுக்காரி
என் உதடு அசைவதைப் பார்த்து
ஜெபம் என்று நினைத்துக்கொள்வாள்.

நாலாவது ஞாயிறு. தகரத்தில் மழை. கோட்டை வாசல்.
அஜின் மூக்கால் பேசுகிறான், காவல்காரனாக:
"முத்திரை ஓலை இல்லையா? நாளை வா."
மறுநாள்: "நாளை வா."
அதற்கு மறுநாள்: "முத்திரைக்காரர் லீவு."
எல்லோரும் சிரிக்கிறார்கள்.
எனக்கு அந்தக் குரல் தெரியும்.
அருமனையிலிருந்து பட்டா மாற்ற வந்த ஒருவரிடம்
"சர்வர் டவுன், நாளை வாங்க" என்ற குரல்.
அன்றைக்கு வெள்ளிக்கிழமை.
அவரும் தலையாட்டிவிட்டுக் குடையை விரித்தார்.

"மூணு சுற்று ஆயாச்சு," என்றாள் ஜெஸ்லின். "உருட்டு."
இருபது முகப் பகடை மேசையோரம் வரை ஓடி
மரச்சீனிக் கிண்ணத்தில் முட்டி நின்றது.
இருபது.
கீழே ஷீட்டெல்லாம் அதிரக் கத்தினார்கள்.

கல்லுக்கும் கம்பிக்கும் நடுவில் பாரையைக் கொடுத்து
ஜன்னலைச் சட்டத்தோடு நெம்பி எடுத்தாள் பறளி.
உள்ளே அவன். ஒரு முக்காலி.
நூலில் கட்டிய எழுதுகோல்.
பகடை இன்னும் என் பக்கம்தான்.
"அடி, பிள்ள!" என்றான் சுபின்.

இவன் பேர் என்ன, என்று கேட்டேன்.

அஜின் தாளைப் புரட்டினான்.
பின்பக்கமும் பார்த்தான்.
"காவல்காரன் ஒண்ணு," என்றான்,
"அப்படித்தான் எழுதியிருக்கேன்."