ஐந்து நிமிடம், மில்லிமீட்டரில்

ஓவுலுவில் நவம்பர். மதியம் மூன்றரைக்கே
ஜன்னல்கள் கறுத்துவிடுகின்றன.
ஆய்வு எண் பதினேழு வருகிறாள்:
ஐலா கெம்ப்பாய்னென்,
பனியுடைக்கும் கப்பலில் இருபத்தாறு வருடம்
எஞ்சின் பார்த்தவள்.
பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
"இன்றைக்காவது அழவைத்துப் பார்" என்கிறாள்.

என் வேலை அதுதான்.
கீழிமையைத் தாழ்த்தி ஒரு காகிதப் பட்டையை மாட்டுவேன்.
கண்ணை மூடு என்பேன்.
ஐந்து நிமிடத்தில் ஈரம் எவ்வளவு தூரம் ஊறியதென்று
படிவத்தில் எழுதுவேன்.
போன மாதம்
வலது இரண்டு, இடது ஒன்று.

அண்ணன் வேய்னோவின் செல்கள்.
தக்காளிச் சாற்று நிறத்தில் ஒரு பை,
முக்கால் மணி நேரம் சொட்டியது.
புற்றைத் துரத்தின.
துரத்த ஆளில்லாமல் போனதும் வீட்டுக்காரியின் மேல் திரும்பின:
தோல், வாய், பிறகு கண்.
உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றால்
ஐலாவுக்குக் கோபம் வரும்.
"அது வேய்னோ. எந்த வீட்டுக்குப் போனாலும்
சோஃபாவை நகர்த்திப் போடாமல்
உட்கார மாட்டான்."

காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
மருந்தா, மாவா,
அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.
டாக்டர் ஹன்னுலா மோப்பம் பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை.
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்.
அதைக் கேட்டால் நான்கு வருடம் கழித்துச் சொல்லும்.

பட்டைகள் இரண்டும் கன்னத்தில் தொங்க,
கண் மூடியபடி சொல்கிறாள்:
வேய்னோ போய்விட்டான். மூன்று வாரமாகிறது.
பெட்ரோல் போட நிறுத்தினவன்
காரைச் சுற்றி வரவில்லை.
சவப்பெட்டிக்கு முன்னால் எனக்கு ஒரு துளி வரவில்லை.
பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து
இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன்.
யாரோ ஒரு உறவுக்காரி தோளைத் தடவினாள்.
நானும் தடவ விட்டேன்.

மணி அடிக்கிறது.
வலது நான்கு. இடது ஒன்று.

பாதகமான நிகழ்வுகள் என்றொரு கட்டம் உண்டு.
அது பங்கேற்பாளருக்கு நேர்ந்ததற்கு மட்டும்.
அவள் ரத்தத்தில் கொடையாளி நூறு சதவீதம் என்று
அதே கோப்பில் இரண்டு பக்கம் தள்ளி
நானே ஒட்டிய தாள் இருக்கிறது.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"ஏறியிருக்கிறதா?"
வலதில் கொஞ்சம், என்கிறேன்.

"மாத்திரைக்கு எழுதிவிடாதே" என்கிறாள்,
குனிந்து பூட்ஸ் நாடாவை இறுக்கியபடி.
"இடதைப் பார்த்து எழுது.
வலது சின்ன வயதிலிருந்தே அவன் பக்கம்."